கோயில் காசுக்கு ட்ரெஷரி பில்: வண்ணக்கர் சபைகளுக்கும் அறநிதிகளுக்கும் ஒரு மதிப்பாய்வு

ஒரு வருடத்துக்குள் செலவுக்கு எடுக்கவேண்டிய கோயில் காசு, புலமைப்பரிசில் நிதி, இறந்தவர் பெயரில் வைத்த அறநிதி ஆகியவற்றைப் பொறுத்தவரை, மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இன்று வாங்கக்கூடியவற்றுள் நாங்கள் முதலிடம் கொடுப்பது திறைசேரி உண்டியலுக்குத்தான். வங்கியில் எல்லோரும் சொல்வது ட்ரெஷரி பில்: ஒரு வருடத்துக்குள் திருப்பித் தருவதாக அரசாங்கம் வாங்கும் கடனுக்கான பத்திரம். காரணம் வட்டி அல்ல. நிலையான வைப்பு சில மாதங்களில் இதைவிடக் கூடத் தரும். நட்டம் வந்து கேள்வி எழும் நாளில் வண்ணக்கர் (கோயிலை நிர்வகிக்கும் பொறுப்பாளர்) கையில் காட்டுவதற்கு ஒரு நல்ல பதில் இருக்கவேண்டும். அந்தப் பதிலை இது தருகிறது.

1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் (ட்ரஸ்ட்) கட்டளைச் சட்டம்தான் இங்கே அடிப்படை. உடனே செலவழிக்கத் தேவையில்லாத காசைப் பொறுப்பாளர் நினைத்த இடத்தில் போடமுடியாது. முதலில் நம்பிக்கை உறுதியில் (அறநிதியை உருவாக்கிய பத்திரத்தில்) என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். உறுதி ஒன்றும் சொல்லாவிட்டால் சட்டம் தரும் பட்டியலுக்குள் நிற்கவேண்டும். அரசாங்கப் பிணையங்களும் (பில் போன்ற அரசாங்கக் கடன் பத்திரங்கள்) நிலத்தின் முதல் அடமானமும் அந்தப் பட்டியலின் பழைய ஆட்கள். பங்குச் சந்தைக்கோ நண்பரின் அரிசி ஆலைக்கோ அதில் இடமில்லை. பட்டியலுக்குள் நின்றாலும் வேலை முடியவில்லை. தன் சொந்தக் காசை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதன் எவ்வளவு கவனமாகப் பார்ப்பானோ அவ்வளவு கவனம் வேண்டும். உறுதியே இல்லாத பழைய கோயில்கள் எங்கள் பக்கம் ஏராளம். அவற்றுக்கு மாவட்ட நீதிமன்றம் வகுத்த நிர்வாகத் திட்டம் இருந்தால் அதுதான் உறுதிக்குச் சமம். திட்டமும் இல்லை, குடி (குல) வழக்கப்படி வண்ணக்கர் வருகிறார் என்றால், எந்த வங்கிக்கும் போகுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள்.

இனி பில்லுக்கு வருவோம். 91, 182, 364 நாட்கள் என மூன்று தவணை. புதன்கிழமை ஏலம், வெள்ளிக்கிழமை காசு கைமாறும். வட்டியென்று தனியாக வராது, கழிவு விலையில் வாங்கி முழுப் பெறுமதியில் முடிக்கவேண்டும். 364 நாள் பில்லுக்கு 8 வீதம் என்று வைத்தால், 10 இலட்சம் ரூபாய்ப் பில்லுக்கு இன்று கொடுப்பது ஏறத்தாழ 9 இலட்சத்து 26 ஆயிரம். வருமானத்தில் 10 வீத நிறுத்திவைத்தல் வரி உண்டு (2025 ஏப்ரல் வரை 5 வீதமாக இருந்தது). வரியை எந்தக் கட்டத்தில் பிடிப்பார்கள், சான்றிதழ் யார் பெயரில் வரும் என்று வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சான்றிதழ் பொருளாளரின் சொந்தப் பெயரில் வந்தால் வரிக் கணக்கு அவருடைய தலையில் ஏறும்.

தவணையைத் தேர்வதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். "ஒரு வருடம்" என்று நினைத்து 364 நாள் பில்லை வாங்குவார்கள். ஆனால் திருவிழா ஆங்கில நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை எடுத்துப் பாருங்கள். 2024இல் ஓகஸ்ட் 4, 2025இல் ஜூலை 24. இடைவெளி 354 நாட்கள்தான். 2024 தீர்த்தம் முடிந்து அந்த வெள்ளிக்கிழமை, ஓகஸ்ட் 9இல், மிச்சக் காசுக்கு 364 நாள் பில் வாங்கியிருந்தால் அது 2025 ஓகஸ்ட் 8இல்தான் முடியும். தீர்த்தம் முடிந்து இரண்டு கிழமை கழிந்திருக்கும். மேளகாரருக்கும் பந்தல்காரருக்கும் அதற்கு முன்னரே முற்பணம் கொடுத்தாகவேண்டும், பிறகு என்ன, யாரோ ஒருவரிடம் கைமாற்று. அடுத்த சுற்று வேறுவிதம். 2026இல் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 12, இடைவெளி 384 நாட்கள். 2025 ஓகஸ்ட் 1இல் வாங்கிய 364 நாள் பில் 2026 ஜூலை 31இல் முடிந்துவிடும், தீர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக. 2027இல் மறுபடி முன்தள்ளி ஓகஸ்ட் 2இல் வருகிறது, ஆகவே 2026 தீர்த்தத்துக்குப் பிறகு 364 நாள் வாங்கினால் திரும்பவும் அதே சிக்கல்.

வழி இரண்டு. 182 நாள் வாங்கி, முடிந்ததும் 91 நாளுக்கு மாற்றி, மிச்ச வாரங்களைச் சேமிப்புக் கணக்கில் விடலாம். அல்லது விற்பவரிடம் "ஜூலை முதல் கிழமையில் முடியும் பில் இருக்கிறதா" என்று நேரடியாகக் கேட்கலாம். ஏற்கெனவே வெளியிட்ட பில்லுகளை மிச்ச நாளுக்கு விற்கும் இரண்டாந்தரச் சந்தை இருக்கிறது. பலருக்கு அது தெரியாது, கிளைகளில் தாங்களாகச் சொல்வதும் குறைவு. அடுத்த வருடப் பஞ்சாங்கத்தையும் கையில் கொண்டு போங்கள்.

விற்பவர் என்றால் வங்கிகளும், ஏலத்தில் நேரடியாக வாங்க அனுமதி பெற்ற முதனிலை வணிகர்களும். மட்டக்களப்புக் கிளையில் விண்ணப்பத்தை வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவார்கள், ஆகவே அந்த வாரத்துப் பில் வேண்டுமானால் ஏலத்துக்கு முந்தியே எல்லாத் தாளும் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். குறைந்தபட்சத் தொகை ஆளுக்கு ஆள் மாறும். இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. "ட்ரெஷரி பில் மாதிரித்தான், எப்ப வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று சொல்லி மீள்கொள்வனவு உடன்படிக்கையை (ரெப்போ) கையில் தருவார்கள். அது வேறு பொருள். அதில் உங்கள் காசு விற்பவருக்குக் கொடுத்த கடன்போல நிற்கும், பிணையம் பின்னால் இருக்கும். நேரடியாகப் பில்லையே வாங்கினால் மத்திய வங்கியின் லங்காசெக்யூர் பதிவேட்டில் உங்கள் அறநிதியின் பெயரில் அது பதிவாகும். தாள் பத்திரம் கிடையாது, பதிவுதான் பத்திரம். விற்பவர் தந்த உறுதிப்படுத்தல் கடிதத்தை மட்டும் கோப்பில் போட்டுவிட்டு உட்காராதீர்கள். லங்காசெக்யூர் கூற்றில் பெயர், தொகை, முடிவுத் திகதி மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூட்டக் குறிப்பில் ஏற்றவேண்டும்.

தாள்கள் விடயத்தில் நேரம் போவது பில்லால் அல்ல, சபையால். நம்பிக்கை உறுதியின் பிரதி, எல்லாப் பொறுப்பாளர்களின் அடையாள அட்டை, வரி அடையாள இலக்கம், முகவரிச் சான்று, "இன்ன தொகையை இன்ன தவணைக்குப் போடுவது, இன்னார் இன்னார் கையொப்பமிடுவது" என்று நிறைவேற்றிய தீர்மானம். உறுதியில் உள்ள பெயர்களில் பாதிப் பேர் காலமாகியிருப்பார்கள். புதியவர்களை நியமித்த ஆவணம் இல்லாவிட்டால் வங்கி அந்த இடத்திலேயே கோப்பை மூடும், அதைக் குறை சொல்லவும் முடியாது. இன்னொன்று, கணக்கு "தலைவர், செயலாளர்" என்ற இருவரின் சொந்தப் பெயரில் கூட்டுக் கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து பில் வாங்கினால் அதுவும் அவர்கள் பெயரில்தான் பதியும். ஒருவர் இறந்துபோனால் கோயில் காசுக்கு அவருடைய பிள்ளைகளிடம் கையொப்பம் கேட்டு அலைய நேரும். முதலில் கணக்கை அறநிதியின் பெயருக்கு மாற்றுங்கள், பில் அடுத்த வாரமும் கிடைக்கும்.

தீர்மானம் எழுதும்போது காரணத்தையும் இரண்டு வரி எழுதுங்கள். அன்றைய வட்டி என்ன, ஏன் இந்தத் தவணை, காசு எப்போது தேவை. நீதிமன்றம் பார்ப்பது முடிவு நல்லதாக வந்ததா என்பதை அல்ல, முடிவெடுத்த நேரத்தில் கவனமாக இருந்தீர்களா என்பதைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய மற்றப் பொருட்களைப் பற்றியும் கொஞ்சம். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புக்கு அரசாங்க உத்தரவாதம் முழுத் தொகைக்கும் உண்டு. பில் வாங்க முடியாத சிறு தொகைக்கும், பதிவுகளைப் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாத சபைக்கும் அதுதான் சரி. மற்ற வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைக்கும்தான். அறநிதி ஒரு வைப்பாளர்தான், அதற்குப் பின்னால் ஏழு பொறுப்பாளர்கள் இருந்தாலும். 30 இலட்சத்தை ஒரே இடத்தில் போட்டால் 19 இலட்சம் காப்பில்லாமல் நிற்கும். உறுதி வங்கி வைப்பை அனுமதிக்கிறதா என்பதையும் பாருங்கள், பழைய உறுதிகளில் "அரசாங்கப் பிணையம்" என்று மட்டும் எழுதியிருப்பது உண்டு.

நிதி நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2008இல் பொதுமக்களிடம் வைப்பு வாங்கிய கோல்டன் கீ கடன் அட்டை நிறுவனம் விழுந்தது. 2020இல் தி பினான்ஸ் கம்பனியின் உரிமம் போனது, அப்போது காப்புறுதி எல்லை 6 இலட்சமாக இருந்தது. 2, 3 வீதம் கூடுதலுக்காக அறநிதியை அங்கே கொண்டுபோக எந்த நியாயமும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஊருக்குள் நடக்கும் பெரிய தவறு வேறு. பெரும்போக வேளாண்மைச் செலவுக்குக் கோயில் காசை வட்டிக்குக் கொடுப்பது. அறுவடை முடிந்ததும் வட்டியோடு வரும், கோயிலுக்கும் இலாபம், ஊருக்கும் உதவி என்பார்கள், ஆனால் இது பட்டியலில் இல்லாத மீறல். கடன் வாங்கியவரே சபையில் இருந்தால் அது இரட்டைக் குற்றம்: பொறுப்பாளர் தனக்கோ சக பொறுப்பாளருக்கோ நம்பிக்கைக் காசைக் கடனாகக் கொடுக்கக்கூடாது. வெள்ளம் வந்து ஒரு போகம் போனால் நட்டத்தைச் சபை உறுப்பினர்கள் தங்கள் கையிலிருந்து கட்டவேண்டிவரும். ஒருவரிடமே முழுவதையும் கேட்கலாம், கையொப்பம் மட்டும் போட்டேன் என்பது தப்பிக்க உதவாது. போன வருடம் இப்படிக் கொடுத்து நல்ல இலாபம் வந்ததே என்று இந்த வருட நட்டத்தோடு கழிக்கவும் விடமாட்டார்கள். ஒரு மீறலின் இலாபம் அறநிதிக்கு, இன்னொரு மீறலின் நட்டம் மீறியவருக்கு. கேட்க அநியாயமாகத் தெரியும், ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் பொறுப்பாளர்கள் எல்லோரும் சூதாடிப் பார்ப்பார்கள்.

பில்லின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியபோது எல்லோருக்கும் பயம் வந்தது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சாதாரண முதலீட்டாளர் கையில் இருந்த பில்லுகளில் கைவைக்கவில்லை, ஊழியர் சேமலாப நிதி போன்றவற்றின் முறிகளில்தான் (பல வருடத்துக்கான அரசாங்கக் கடன் பத்திரங்கள்) கை வைத்தார்கள். அது நல்ல முன்னுதாரணம்தான், உத்தரவாதம் அல்ல. பெரிய குறை விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி வருடத்துக்கு 69.8 வீதம் ஏறியிருந்தது. பில் வீதம் 30ஐத் தாண்டியும் காசின் பெறுமதி கரைந்தது. சட்டம் காப்பாற்றுவது ரூபாயின் எண்ணிக்கையை, அது வாங்கும் அரிசியை அல்ல. பத்து வருடம் கழித்து இராஜகோபுரம் கட்டச் சேர்க்கும் நிதிக்கு, ஆகவே, பில் மட்டும் போதாது. அதற்கு உறுதியில் அதிகாரம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நீதிமன்றத்திடம் கேட்டு, வேறு வழி தேடவேண்டும். நீண்டகால முறிகளையும் சிலர் சொல்வார்கள். முடியும்வரை வைத்திருக்க முடியுமானால் சரி. இடையில் விற்கவேண்டி வந்து அப்போது வட்டி ஏறியிருந்தால் போட்ட முதல் தொகையிலேயே அடி.

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் காசு அனுப்பும் உறவுகள், "ஏன் எல்லாத்தையும் பில்லில போட்டு வச்சிருக்கிறீங்கள், பங்குகளிலயும் பிரிச்சுப் போடுங்கோ" என்று கேட்பார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் நாட்டில் சரி. இங்கிலாந்தில் பழைய பட்டியல் முறையை 2000ஆம் ஆண்டின் பொறுப்பாளர் சட்டம் எடுத்துவிட்டது. அங்கே பொறுப்பாளர் தன் சொந்தக் காசைப் போலவே எதிலும் முதலிடலாம், ஆனால் பொருத்தத்தையும் பரவலையும் பார்த்து ஆலோசனையும் பெறவேண்டும். இந்தியாவும் 2016இல் தன் பழைய பட்டியலைத் திருத்தியது. காசு மட்டக்களப்பு அறநிதியின் கைக்கு வந்தபிறகு எங்கள் கட்டளைச் சட்டம்தான் பேசும். கொடுப்பவர் உண்மையிலேயே விரிந்த அதிகாரம் தர விரும்பினால், காசு அனுப்பும் முன் உறுதியிலேயே அதை எழுதச் சொல்லுங்கள். நொத்தாரிசுக்கு அது ஒரு பந்தி.

காத்தான்குடி, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பள்ளிவாசல் நிதிகளுக்கு இந்த மதிப்பாய்வின் முதல் வரியே பொருந்தாது. வட்டிப் பொருள் என்பதால் பில் வக்பு (இஸ்லாமிய அறக்கொடை) நிதிக்கு ஆகாது. அங்கே பள்ளிவாசல்கள், வக்புகள் பற்றிய 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டமும் வக்பு சபையும் இருக்கின்றன. இலாபப் பங்கு முறையில் வைப்பு வாங்கும் இஸ்லாமிய வங்கிச் சேவைகளை நாடலாம். முழாறபா எனப்படும் அந்த இலாபப் பங்கு வைப்பில் இலாப விகிதம் முன்கூட்டி உறுதியில்லை, முதலும் ஒப்பந்தப்படி உறுதியில்லை. நிருவாக சபை அதைத் தெரிந்து ஏற்றுக்கொண்டதாகக் குறிப்பில் இருக்கவேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன விடயம், ஆனால் அதிகம் தவறுவது இதில்தான். பில் முடியும்போது என்ன செய்வது என்ற அறிவுறுத்தலை வாங்கும் நாளிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும்: கணக்குக்குக் காசாக வரவேண்டுமா, மறுபடி பில்லாக மாறவேண்டுமா. புதிய வண்ணக்கர் வந்தபிறகும் குறுஞ்செய்தி பழையவரின் தொலைபேசிக்கே போய்க்கொண்டிருக்கும், அவரும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார், பில் அமைதியாக இன்னொரு தவணைக்கு உருண்டுபோகும். சபை மாறும் கூட்டத்தில் சாவியோடு சேர்த்துக் கைமாறவேண்டிய பட்டியலில் தொலைபேசி இலக்க மாற்றக் கடிதமும் இருக்கட்டும்.