ஆல்க்டிசைன்: சோதனைகளைத் தேர்ந்து தரும் ஆர் தொகுப்பு

சோதனை ஒவ்வொன்றும் பொருளையும் நேரத்தையும் விழுங்கும் இடத்தில், எந்தெந்த நிலைகளில் சோதித்தால் அதிகத் தகவல் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் கருவி மிகவும் தேவையானது. பாப் வீலர் எழுதிய, புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் என்ற கணினி மொழியில் இலவசமாகக் கிடைக்கும் ஆல்க்டிசைன் தொகுப்பு அந்த வேலையை நம்பகமாகச் செய்கிறது.

துணிக்குச் சாயமேற்றும்போது வெப்பநிலை, நேரம், உப்பு, சோடா, சாயத்தின் அளவு ஆகிய ஐந்து காரணிகளை மும்மூன்று நிலைகளில் ஆராய வேண்டும் என்று கொள்வோம். எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க 243 முறை சாயமேற்ற வேண்டும். ஆனால் முழு இருபடிச் சமன்பாட்டில் மதிப்பிட வேண்டிய கெழுக்கள் 21 மட்டுமே. எண்ணிக்கையை நாம் குறிப்பிடாவிட்டால், இத்தொகுப்பின் ஆப்ட்ஃபெடரோவ் என்ற செயற்கூறு கெழுக்களின் எண்ணிக்கையோடு ஐந்தைக் கூட்டி, 26 சோதனைகளைத் தேர்ந்து தருகிறது. அதிக வெப்பமும் நீண்ட நேரமும் சேர்ந்தால் துணி கெடும் என்று தெரிந்தால், அந்தச் சேர்க்கைகளை 243இன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு எஞ்சியவற்றைக் கொடுத்தாலே போதும். பாடநூல்களின் ஆயத்த வடிவமைப்புகள் கைவிடும் இந்த இடத்தில்தான் தொகுப்பின் உண்மையான பயன் தெரிகிறது.

இதன் விடைகளைக் கையால் சரிபார்க்கவும் முடியும். ஒரே காரணி, இருபடிச் சமன்பாடு, -1 முதல் 1 வரை சம இடைவெளியில் 21 புள்ளிகள், மூன்று சோதனைகள் என்று கேட்டால் -1, 0, 1 ஆகியவற்றைத் தருகிறது. சோதனைகள் தரும் தகவலின் அளவைக் காட்டும் டி மதிப்பு அதனுடன் வருகிறது; அது 0.529, அதாவது 4/27 என்பதன் கனமூலம். கணிப்பின் மிகப் பெரிய பிழை எவ்வளவு குறைவாக உள்ளது என்பதை அளக்கும் ஜி திறன் அதன் உச்ச அளவான 1 என்று காட்டுவதால், இதைவிடச் சிறந்தது இல்லை என்பதற்கு, இவ்விரு அளவுகோல்களும் ஒரே வடிவமைப்பையே சிறந்ததாகக் காட்டும் என்று 1960இல் புள்ளியியலாளர்கள் கீஃபரும் வுல்ஃபோவிட்ஸும் நிறுவிய தேற்றமே சான்றாகிறது. பல்லுறுப்புக் கோவைகளுக்கு ஆறாம் படி வரை இத்தகைய வடிவமைப்புகளை 1918இலேயே புள்ளியியலாளர் கிர்ஸ்டீன் ஸ்மித் கணக்கிட்டு வெளியிட்டார் என்பதை நினைக்கும்போது வியப்பே மிஞ்சுகிறது.

ஆனால் நாம் எழுதும் சமன்பாட்டுக்கு மட்டுமே இத்தொகுப்பு உகந்த விடை தரும். நேர்கோட்டை மட்டும் எழுதினால் சோதனைகள் இரு முனைகளை நோக்கியே செல்லும். நடுவில் வளைவு இருந்தாலும் அதைக் கண்டறிய வழியிருக்காது. ஆகவே ஐயம் இருந்தால் இருபடி உறுப்பையும் சேர்ப்பதே நல்லது. ஆப்ட்ஃபெடரோவ் பயன்படுத்தும் ஃபெடரோவின் பரிமாற்ற முறை ஏதோ ஒரு தொடக்கத்திலிருந்து புள்ளிகளை மாற்றி மாற்றி முன்னேறுவதால், பாதி வழியில் ஓரிடத்தில் நின்றுவிடவும் கூடும். இயல்பாக அமைந்துள்ள ஐந்து தொடக்கங்களை ஐம்பதாக உயர்த்துவது நலம். கிடைக்கும் பட்டியலின் வரிசையிலேயே சோதனைகளை நடத்தாமல், குலுக்கிய பிறகே தொடங்க வேண்டும்.

வினைவேகச் சமன்பாடுகள் போன்ற நேரியல் அல்லாதவற்றுக்கு வேறு கருவியைத் தேட வேண்டும். தம் சமன்பாட்டைத் தாமே எழுதத் தெரிந்த ஆய்வு மாணவர்களுக்கு முதல் தொகுப்பாக இதையே பரிந்துரைக்கிறேன்.