ஹட்டன் கம்யூனிகேஷன் கடையும் என் அமெரிக்க விண்ணப்பமும்

அத்லெட்டிக் ட்ரெயினிங் முதுகலைக்கு விண்ணப்பிக்க முதலில் கண்டியில் ஓர் ஆலோசனை நிலையத்துக்குத்தான் போனேன். "பிசியோதெரபிதானே தங்கச்சி, ஆஸ்திரேலியாவுக்குப் போடுவோம்" என்றார்கள். இரண்டும் வேறு. வீராங்கனை மைதானத்தில் விழுந்த நொடியிலிருந்து திரும்ப விளையாடும் வரை கூடவே நிற்கிற தொழில் இது. அமெரிக்காவில் இப்போது முதுகலைதான் இதற்கு நுழைவுப் பட்டம். இந்தப் படிப்புகளுக்கு அங்கே அங்கீகாரம் கொடுக்கிற அமைப்பு சி.ஏ.ஏ.டி.இ.; அதன் அங்கீகாரமுள்ள படிப்பா என்று முதலில் பாருங்கள்.

மிச்சமெல்லாம் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கம்யூனிகேஷனில்தான். ஏ.டி.காஸ் என்ற பொதுத் தளத்தில் ஒரே விண்ணப்பத்தைப் பல பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பலாம். ஆனால் பட்டப்படிப்பில் எடுத்த ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். கடை அக்கா பெறுபேற்றுத் தாளில் அடிமட்டம் வைத்து வரி வரியாக வாசிக்க, நான் டைப் பண்ணினேன். சேர்வதற்கு முன்பே படித்திருக்க வேண்டும் என்று கேட்கிற பாடங்களில் உயிரியல், இரசாயனவியல், உளவியல், உடற்கூற்றியல், உடற்றொழிலியல் எல்லாம் இருந்தது. பௌதிகவியல் உயர்தரத்தோடு சரி. பல்கலைக்கழக மட்டத்தில் அதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

சிபாரிசுக் கடிதத்துக்கான லிங்க் நேரே சேர்மாருக்குப் போகும். எங்கள் நெட்போல் கோச் ஈமெயில் பக்கமே போகாத மனிதர். அக்காதான் கோல் எடுத்து, "சேர், ஸ்பேமில் பாருங்க" என்று விடாமல் சொன்னார். அதற்குக் காசு வாங்கவில்லை.

ஸ்கேன் நல்ல தெளிவு. கலர் பிரிண்ட் விலைதான் கூட. மழை பிடித்தால் கரண்ட் போகும், யூ.பி.எஸ். கிடையாது, சேவ் பண்ணிக்கொண்டே அடியுங்கள். காலையிலேயே போனால் பாடசாலைப் பிள்ளைகளின் கூட்டம் இருக்காது.