சதுர அடி 2,350-ஆ, 480-ஆ, நாள் கூலியா? ஒரே பிளானுக்கு மூன்று கணக்கு

எங்கள் புது வீட்டின் ஒரே பிளானை மூன்று பேரிடம் கொடுத்தோம். சேலத்தில் அயோத்தியாபட்டணம் போகிற பக்கம் நான்கு சென்ட் இடம். கீழே 800 சதுர அடி, மேலே 400, ஆக 1,200. முதல் ஆள் முழு காண்ட்ராக்ட்: "சதுர அடி 2,350 சார், சாவி உங்க கையில." இரண்டாவது ஆள் லேபர் காண்ட்ராக்ட்: "கூலி மட்டும் 480. சாமான் எல்லாம் நீங்க வாங்கிக் கொடுத்தா எனக்கும் நிம்மதிங்க." மூன்றாமவர் அப்பாவுக்குப் பழக்கமான கொத்தனார்: "எதுக்குங்க காண்ட்ராக்ட்டு? நாள் கூலி போட்டுக்கலாம். எனக்கு 1,050, சித்தாளுக்கு 600."

வீடு கட்டப்போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, இதில் எது மலிவு என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். கட்டி முடித்த பிறகு தோன்றுகிறது: செலவு ஏறும்போது அது யார் தலையில் விழுகிறது, தினமும் சைட்டில் யார் நிற்பது, இந்த இரண்டையும்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

முழு காண்ட்ராக்ட்

1,200 சதுர அடிக்கு 2,350 என்றால் 28,20,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 1,200 எந்த 1,200 என்பதில்தான் முதல் சிக்கல். எங்கள் பிளானில் போர்டிகோ, மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட் ரூம், பின்பக்கம் ஒரு சின்ன பால்கனி இருந்தன. ஒருவர் போர்டிகோவைப் பாதி ரேட்டில் சேர்த்தார். அவரே ஹெட் ரூமை முழு ரேட்டில் சேர்த்தார். எல்லாம் கூட்டிப் பார்த்தால் பில் போடுகிற அளவு 1,200-ஐ விட்டு எங்கோ போயிருந்தது. கொட்டேஷனில் ரேட்டுக்குக் கீழே, எதை எப்படி அளப்பார்கள் என்று ஒரு வரி எழுதி வாங்காவிட்டால், 2,350-க்குப் பேரம் பேசி 50 ரூபாய் குறைத்ததில் ஒரு புண்ணியமும் இல்லை.

அடுத்தது ஜிஎஸ்டி. கட்டுமான ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம். கொட்டேஷனின் அடியில் சின்னதாக "ஜிஎஸ்டி தனி" என்று இருந்தால், 28,20,000-க்கு மேல் 5,07,600 ஏறும். சின்ன காண்ட்ராக்டர் பலர் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பணம் கொடுக்கிற முறையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அட்வான்ஸ், பேஸ்மென்ட் (தரை மட்டம் வரை), லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு, டைல்ஸ், பெயின்ட் என்று கட்டம் பிரிப்பார்கள். ஓமலூர் பக்கம் என் மச்சான் வீட்டில் ரூஃப் கான்கிரீட் போட்ட அன்றைக்கே நூற்றுக்கு 75 பங்கு பணம் போய்விட்டது. பூச்சும் டைல்ஸும் கதவும் பாக்கி இருக்கும்போது கையில் இருந்தது கால் பங்கு. அதற்கப்புறம் காண்ட்ராக்டர் போனை எடுப்பதே அபூர்வமாகிவிட்டது. செய்த வேலையை விடப் பணம் எப்போதும் ஒரு படி பின்னால்தான் போக வேண்டும். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு ஆள் பார்க்கலாம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கம்பி விலை ஏறினாலும், செங்கல் உடைந்தாலும், ஆள் வராவிட்டாலும் முழு காண்ட்ராக்டில் அது அவர் பாடு. அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் லேபர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

லேபர் காண்ட்ராக்ட்

நாங்கள் போனது இந்த வழியில். கூலி 1,200 × 480 = 5,76,000. சென்ட்ரிங் (கான்கிரீட் போடப் பலகையும் முட்டும் அடிப்பது), கம்பி கட்டு, கட்டு வேலை, பூச்சு இதில் அடக்கம். மற்றதெல்லாம் என் நோட்டில் இப்படி வந்தது: கம்பி 3,00,000, சிமென்ட் 1,70,000, செங்கல் 2,10,000, எம்-சாண்டும் பி-சாண்டும் (கட்டுக்கும் பூச்சுக்கும் கல்லை அரைத்த மணல்) ஜல்லியும் 2,60,000, எலக்ட்ரிக்கல் 1,80,000, பிளம்பிங் 1,60,000, டைல்ஸ் ஒட்டுக்கூலியோடு 2,40,000, கதவு ஜன்னல் 3,40,000, பெயின்ட் 1,80,000. மொத்தம் 26,16,000. முழு காண்ட்ராக்டுக்கும் இதற்கும் வித்தியாசம் 2,04,000.

அவ்வளவுதான். ஊரில் பேசுவதைக் கேட்டால் லேபர் காண்ட்ராக்டில் பாதிக்குப் பாதி மிச்சம் என்பது போல இருக்கும். பத்து மாதம் கடை கடையாக அலைவதற்கும், லீவு போடுவதற்கும், ராத்திரி கணக்கு எழுதுவதற்கும் கிடைக்கிற சம்பளம்தான் அந்த இரண்டு லட்சம். இதில் வரி விஷயம் ஒன்று நமக்குச் சாதகம். அடுக்ககமாக இல்லாமல் தனி வீடாகக் கட்டும்போது, சாமான் இல்லாத வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. சாமான் வாங்கும்போது கட்டுகிற வரியோடு சரி. சிமென்டுக்கான வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22-ம் தேதி. நாங்கள் பூச்சு வேலையை முடித்து மூச்சு விட்ட பிறகு. எங்கள் அதிர்ஷ்டம் அப்படி.

கையில் கட்டுப்பாடு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை உபயோகிக்கத் தெரிய வேண்டும். முதல் லோடு கம்பி வந்தபோது நடந்தது இது. 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் நீளம். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை வரும்: 144-ஐ 162-ஆல் வகுக்க 0.888 கிலோ. 12 மீட்டருக்கு 10.66. பில்லில் அந்த எடைதான் போட்டிருந்தது. அப்பாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தெரிந்த மாங்காய் மண்டியிலிருந்து தொங்கு தராசை வாங்கி வந்து, ஒரு கம்பியை மடக்கிக் கட்டி வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டார். 10.2 கிலோ.

கம்பியில் குற்றம் இல்லை. இந்த அளவில் 5 சதவீதம் வரை ஏறலாம், இறங்கலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. ஆனால் இல்லாத இரும்புக்கும் சேர்த்து நான் காசு கொடுத்திருக்கிறேன். கம்பிக்கு 460 கிராம். எங்களுக்கு வேண்டிய 4.8 டன்னுக்கும் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 200 கிலோ, 12,000 ரூபாய்க்கு மேல். அடுத்த லோடிலிருந்து எடை மேடைச் சீட்டு இருந்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டோம். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனால் கொடுத்தார். மணலுக்கும் இதே கதைதான். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. மூன்று யூனிட் என்று வந்த டிப்பரின் உள்பக்கத்தை டேப் வைத்து அளந்தால் 13 அடி நீளம், 7 அடி அகலம், மணல் நின்ற உயரம் 3 அடி. 273 கன அடி.

(இடையில் ஒன்று. "சேலத்தில் இரும்பாலை இருக்கிறதே, கம்பி மலிவாகக் கிடைக்காதா?" என்று வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் கேட்டார். நம் இரும்பாலையில் வருவது துருப்பிடிக்காத எஃகு. சமையலறை சிங்க்குக்கு ஆகும், தூணுக்கு ஆகாது.)

லேபர் காண்ட்ராக்டில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத தொல்லை பேங்க் லோன். வேலை எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் பேங்க் பணத்தை விடுவிக்கும். கம்பிக் கடைக்காரருக்கோ கம்பி இறங்கும்போதே பணம் வேண்டும். ஆக ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று, நான்கு லட்சம் நம் கைக்காசு முன்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் நகையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்த வட்டி மிச்சமான இரண்டு லட்சத்தைக் கடித்துக்கொண்டே வரும்.

நாள் கூலி

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள் என்றால் ஒரு நாளைக்கு 3,900. சென்ட்ரிங்குக்கும் கம்பி கட்டுக்கும் தனியாக 1,50,000 போய்விடும். லேபர் காண்ட்ராக்டின் 5,76,000-ல் அதைக் கழித்து மீதியை 3,900-ஆல் வகுத்தால் 109 நாள். கட்டும் பூச்சும் 109 நாளுக்குள் முடிந்தால் நாள் கூலி லாபம், 110-வது நாளிலிருந்து நஷ்டம். நாள் கூலிக்கு வருகிறவர் வேலையை ஓட்டி முடிக்க என்ன அவசரம்? அவர் மேல் தப்பில்லை, ஏற்பாடே அப்படி. பழைய வீட்டை இடித்து ஒட்டுவது, காம்பவுண்ட் சுவர் கட்டுவது போல அளவு சொல்ல முடியாத சில்லறை வேலைக்கு இதுவே சரி. புது வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றிலும் வராத பணம்

பட்ஜெட் உடைகிற இடம் இதுதான். சதுர அடி ரேட்டைச் சொல்லும்போது யாரும் போர்வெல்லைச் சேர்ப்பதில்லை. சேலம் கெட்டிப் பாறை பூமி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் இந்தியா முழுக்கத் துளை போடுகிறவர்கள். அவர்களே எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று சொல்ல மாட்டார்கள். ஆழம் போகப் போக அடி ரேட்டும் ஏறும், கேசிங் பைப் தனி. எங்களுக்கு மோட்டாரோடு 1,10,000 ஆனது. சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க் 1,60,000. காம்பவுண்ட், கேட் 2,20,000. பிளான் அனுமதி, தற்காலிக மின் இணைப்பு, டெபாசிட் வகையறா 90,000. பேஸ்மென்ட்டை ரோட்டு மட்டத்துக்கு உயர்த்த கிராவல் 60,000. கிச்சன் கபோர்டு, அலமாரி 2,30,000. கூட்டினால் 8,70,000. வீட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெளியே நிற்கிறது. 26,16,000-மும் இதுவும் சேர்ந்து 34,86,000; சதுர அடிக்கு 2,905. நாங்கள் 480-ஐயும் 2,350-ஐயும் வைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது உண்மையான எண் இதுதான்.

அனுமதி மட்டும் முன்பு போல இழுக்கவில்லை. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500-க்குள் கட்டடம் என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே வாங்கலாம் என்று 2024 ஜூலையில் வந்தது எங்களுக்கு உதவியது.

அப்புறம் நாள். எட்டு மாதம் என்று போட்டோம், பத்து ஆனது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் பாதி ஆட்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். இருக்கிறவர்களுக்கும் வேலையில் மனசு இருக்காது. அதை மேஸ்திரி முதல் நாளே சொன்னார், நான்தான் கணக்கில் எடுக்கவில்லை. வாடகை 9,000, அதுவரை வாங்கிய 18 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் மாத வட்டி 12,750. ஒரு மாதத் தாமதத்தின் விலை 21,750. இந்தப் பணம் மூன்று வழியிலும் நம்முடையதுதான். முழு காண்ட்ராக்டர் தாமதித்தாலும் வாடகையை அவர் கட்டப்போவதில்லை.

யாருக்கு எது

ஏற்காட்டில் கட்டுகிறவர்கள் இந்த அலசலை மறந்துவிடலாம். மலையிடப் பாதுகாப்புக் குழும அனுமதி ஒரு பக்கம்; ஒவ்வொரு மூட்டையும் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும்; சரிவுக்குத் தாங்கு சுவர் கட்ட வேண்டும்; ஆட்கள் மேலேயே தங்க வேண்டும். அங்கே இருந்து பார்க்க முடியாதவர்களுக்கு, மலையில் ஏற்கெனவே கட்டியிருக்கிற ஆளிடம் முழு காண்ட்ராக்ட் விடுவது தவிர வழி தெரியவில்லை.

கீழே சேலத்தில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் சைட்டுக்குப் போக ஆள் இல்லாதவர்கள், முழு காண்ட்ராக்டே எடுக்கலாம். அந்த 2,04,000 வீண் இல்லை. நாங்களும் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்தான். லேபர் காண்ட்ராக்ட் எங்களுக்குச் சரிப்பட்டது அப்பா ஒருவரால். ரிட்டயர்டு ஆனவர், காலை ஏழு மணிக்கே சைட்டில் இருப்பார். ரூஃப் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னதை 14 நாளாக்கிக்கொண்டார். வேறு யாருக்கும் சம்பளம் கொடுத்து இதை வாங்க முடியாது.

காம்பவுண்ட் சுவர் முன்பக்கம் மட்டும் பூசியிருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் செங்கல் தெரிகிறது. தை பிறந்ததும் அந்தப் பழைய கொத்தனாரையே நாள் கூலிக்குக் கூப்பிட்டிருக்கிறோம். ஆறு நாள் என்கிறார், அப்பா எட்டு என்று எழுதி வைத்திருக்கிறார்.