தார் ரோட்டுக்கு வாங்கும் பிளாஸ்டிக் துகள்: சரக்கு எப்படி?

கழிவு பிளாஸ்டிக்கை அரைத்துத் தாரோடு சேர்க்க வரும் இந்தச் சரக்கு, பார்த்து வாங்கினால் நல்லதுதான். பெரிய கோளாறு டெண்டரிலும், தார்க் கலவை தயாராகும் பிளான்ட்டிலும் இருக்கிறது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய உலர் முறைதான் இதற்கு அடிப்படை. சூடான ஜல்லியில் துகளைத் தூவினால் உருகிப் படலமாகப் படியும், அதன் மேல் தார் சேர்ப்பார்கள். சாலை விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 98 வழிகாட்டி (2013) தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் சேர்க்கச் சொல்கிறது. 3.75 மீட்டர் அகலத்தில் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு கிலோமீட்டர் போட்டால் கலவை சுமார் 215 டன் வரும். அதில் 5 சதவீதம் தார் என்று வைத்தால் 10.8 டன். அதில் 8 சதவீதம், அதாவது சுமார் 860 கிலோவுக்கு, தாருக்குப் பதில் துகள் போகும். 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களைச் சுற்றி 50 கி.மீ.க்குள் போடும் சாலைகளில் இதைச் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு 2015-ல் உத்தரவிட்டபோதே சந்தை பிறந்துவிட்டது.

துகள் 2.36 மி.மீ. சல்லடையில் இறங்கி 600 மைக்ரானில் நிற்க வேண்டும். சந்தையில் நீள நீளமான கீற்றும் வருகிறது, அது ஜல்லியில் ஒட்டாமல் உருண்டையாகிவிடும். சாக்கைப் பிரித்ததும் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போடுங்கள். நமக்கு வேண்டிய பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும் (பை, உறை பிளாஸ்டிக்) மிதக்கும். பிவிசியும் (பைப் பிளாஸ்டிக்) தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கும் அடியில் போய் நிற்கும். பாட்டில் பிளாஸ்டிக் 250 டிகிரிக்கு மேல்தான் உருகும், பிளான்ட்டின் 170 டிகிரியில் அதற்கு வேலையில்லை. பிவிசி இருந்தால் சரக்கையே திருப்பி அனுப்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, மூழ்கிய துண்டில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது, அதாவது அது பிவிசி. ஈரமான சரக்கையும் எடுக்காதீர்கள்: கட்டி தட்டும், எடையிலும் தண்ணீருக்குக் காசு போகும்.

தடவை தடவையாகக் கலக்கும் பேட்ச் பிளான்ட்டில் தொல்லை குறைவு. கலக்கும் தொட்டியான பக் மில்லில் ஜல்லி விழுந்ததும் துகளைக் கொட்டி, அரை நிமிடம் சுற்றவிட்டுத் தாரைத் திறந்தால் போதும். சுழலும் உருளையில் நிற்காமல் கலக்கும் டிரம் மிக்ஸில்தான் சிக்கல். துகளைத் தீ எரியும் பர்னர் பக்கம் ஊதினால் எரிந்துபோகும், கடைசியில் ஊதினால் படலம் பிடிக்க நேரமில்லை, காற்றோடு தூசி வடிகட்டிக்குப் பறந்ததும் உண்டு. தார் சேருமுன் கொஞ்சம் ஜல்லியை வெளியே எடுத்துப் பாருங்கள். எண்ணெய் தடவியது போல் மினுமினுத்தால் சரி. வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் ஜல்லி சூடு போதவில்லை.

கணக்கில்தான் பெரிய ஓட்டை. பாலிஎதிலீன் சாதாரண வெப்பத்தில் கரைப்பானில் கரையாது. அதனால், கலவையைக் கரைப்பானில் கழுவித் தாரின் அளவைப் பார்க்கும் வழக்கமான தார்ப் பிரிப்புச் சோதனையை மட்டும் நம்பி எம்-புக்கில் (வேலை அளவுப் பதிவேடு) துகளின் எடையை எழுத முடியாது. சாக்கு வரவு, தார் வரவு, அன்றைய கலவை டன் மூன்றையும் ஒரே பதிவேட்டில் எழுதி ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) கையெழுத்துப் போடும்படி டெண்டரில் நிபந்தனை வேண்டும். துகளைத் தனி ஐட்டமாக வைத்தால் இன்னும் நல்லது, ஒப்பந்ததாரர் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது. மகளிர் குழுக்களின் அரவை நிலையங்களிடம் வாங்கும் ஊர்களில் ஆர்டரை மழைக்காலத்துக்கு முன்பே கொடுத்துவிடுவது உத்தமம். தார் வேலை தொடங்கிய வாரத்தில் கேட்டால், கழுவாத சரக்குதான் வரும்.

பால் பாக்கெட்டை அரைத்து ரோட்டில் போடுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. பழைய பிளாஸ்டிக் கடையில் நல்ல விலைக்குப் போகிற, மறுபடி குருணையாக்கக்கூடிய பொருள் அது. வாங்க ஆளில்லாத பிஸ்கட் உறை, சிப்ஸ் உறைகளைக் கேட்டு வாங்குங்கள். 60 மைக்ரான் வரையிலான அடுக்கு உறைகளை எஸ்.பி. 98-ம் அனுமதிக்கிறது. அதோடு, சில வருடம் கழித்து மேற்பரப்பைச் சுரண்டும்போது வரும் கழிவை மறுபடி கலவையில் சேர்க்க வேண்டும் என்பதையும் டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அத்தனை பிளாஸ்டிக்கும் ஏரிக்கரையில்தான் குவியும்.