மிரளும் நாய் வைத்திருப்பவர்களுக்கு: காங்கேயத்தில் ஒரு சின்ன கிளினிக்

எங்கள் செவலை, தோட்டத்தில் வளர்ந்த நாட்டு நாய். ராத்திரியில் பன்றி வந்தாலும் விரட்டும். ஆனால் ஸ்பிரிட் வாசம் பட்டால் போதும், வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு நடுங்கும். முன்பு காட்டிய ஓரிடத்தில் நாலு பேர் அமுக்கிப் பிடித்து, வாயைத் துணியால் கட்டித்தான் ஊசி போட்டார்கள். அதன் பிறகு வண்டியில் ஏற்றுவதே பெரும்பாடு. அதனால்தான் காங்கேயம் தாராபுரம் ரோட்டுப் பக்கம் இருக்கிற இந்த கிளினிக்கைப் பற்றி விவரமாக எழுதுகிறேன்.

போனில் டாக்டரம்மா "கடிக்குமா?" என்று கேட்கவில்லை. "எதைக் கண்டா மிரளுதுங்க அக்கா? திங்கறதுல எது ரொம்பப் புடிக்கும்?" என்றார். கோழி ஈரல் என்றேன். "அப்ப காலைல சோறு வெக்காதீங்க. ஈரலை உப்பு, மசால் இல்லாம வேகவெச்சு எடுத்துட்டு வாங்க." கூட்டமில்லாத மதிய நேரம் சொன்னார். மற்ற நாய்களோடு பெஞ்சில் காத்திருக்க வேண்டாம், மரத்தடியில் வண்டியிலேயே இருங்கள், கூப்பிடுகிறேன் என்றும் சொன்னார்.

உள்ளே ஸ்டீல் மேஜை இருக்கிறது. செவலையை அதில் ஏற்றவே இல்லை. வழுக்காத ரப்பர் பாயைத் தரையில் விரித்து, அவரும் கீழே உட்கார்ந்துவிட்டார். நேராகக் கண்ணைப் பார்க்கவில்லை, தலைக்கு மேல் கையை நீட்டவில்லை. பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு ஈரல் துண்டுகளைப் போட்டபடி என்னிடம் கொப்பரை விலை கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் செவலை தானாகவே வந்து அவர் முழங்காலை மோந்து பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பயத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும், உடம்புச் சூடும் ஏறும். வந்ததும் பார்த்தா காய்ச்சலா பயமான்னு பிரிக்கறது கஷ்டங்க" என்றார். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பதே இயல்பாம். நமக்கு அது காய்ச்சல்.

தோள், முதுகு, வயிறு, தொடையின் உள்பக்கத்தில் நாடி, அப்புறம் காது என்று போய், வாயைக் கடைசியில்தான் திறந்தார். ஈறை விரலால் அழுத்தி விட்டார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறே வெளிறிப்போயிருந்தால் ரத்தம் குறைந்திருக்கலாம், உண்ணிக் காய்ச்சலிலும் அப்படி ஆகும் என்றார். மாட்டுக்கொட்டாய் பக்கம் படுக்கிற நாய் என்பதால் முன்னங்காலில் ரத்தமும் எடுத்தார். நடுவில் செவலை உதட்டை நக்கிக் கொட்டாவி விட்டதும் கையை எடுத்துவிட்டார். "இது தூக்கம் இல்லீங்க. கொஞ்சம் விடுன்னு சொல்லுது."

வருஷ வெறிநாய்த் தடுப்பூசியும் ஈரல் தின்னும்போதே போட்டாயிற்று. நகம் வெட்டக் கேட்டதற்கு மறுத்துவிட்டார்: "இன்னைக்கு இது போதும். நல்ல நெனப்போட ஊட்டுக்குப் போகட்டும்." இந்த ஒரு பதிலுக்காகவே யாருக்கும் தைரியமாகச் சொல்வேன். இன்னும் அதிகமாக மிரளும் நாய்களுக்குக் கிளம்பும் முன்பே கொடுக்க கபாபென்டின் என்ற, பயத்தைத் தணிக்கும் மாத்திரை எழுதித் தருவாராம். எடை பார்த்து அவர்தான் அளவு சொல்ல வேண்டும். நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. ரத்தப் பரிசோதனைக்குத் திருப்பூர் அனுப்புகிறார்கள், முடிவு வர மறுநாள் சாயங்காலம் ஆனது. எக்ஸ்ரே கிடையாது. பெரிய தொந்தரவென்றால் அவர் படித்த நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே எழுதித் தருகிறார். 1985-இல் தொடங்கிய கல்லூரி அது, ஆஸ்பத்திரியும் அங்கேயே இருக்கிறது. ஆனால் நடுங்கும் நாயோடு அவ்வளவு தூரம் போவது லேசுப்பட்ட காரியமில்லை. நாய்களுக்கென்று தனி வாசல் ஒன்று வைத்தால் இங்கே இன்னும் நன்றாக இருக்கும்.

ஃபீஸ் 300 ரூபாய். ஊசிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தனி, பில் தருகிறார்கள். போன் செய்துவிட்டுப் போங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு ஆடு, கன்னு ஏற்றிய வண்டிகள் வாசல் வரை நிற்கும்.