பாய்சன் ஐவி அரிப்புக்கு ஓட்ஸ் தண்ணீரா, காலமைனா, மஞ்சளா?

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. நியூஜெர்சியில் எங்கள் வீட்டுப் பின்புற வேலியோரம் மண்டிக் கிடந்த கொடிகளை அறுத்து இழுத்துப் போட்டேன். ஓக் மரத்தில் ஏறியிருந்த ஒரு தடித்த கொடியில் மட்டும் தண்டு முழுக்கப் பழுப்பு மயிர் முளைத்ததுபோல் வேர்கள். அதுதான் பாய்சன் ஐவி, பட்டால் தோல் தடித்து அரிக்கும் கொடி. மூன்று மூன்றாக இலை விட்டால் தொடாதே என்று இங்கே சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லித் தருவார்கள். இலை மேலே கிளைகளுக்குள் இருந்தது, என் கையில் இருந்தது தண்டு. வேலை முடித்து, காபி குடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் குளித்தேன். திங்கட்கிழமை காலை இடது முன்கையில் சாட்டையால் இழுத்ததுபோல் நான்கு சிவப்புக் கோடுகள். சாயங்காலத்துக்குள் கோடு நெடுக நீர்க்கொப்புளம்.

அதற்கப்புறம் கிட்டத்தட்ட மூன்று வாரம் அந்தக் கையோடுதான் வாழ்ந்தேன். அடுக்களையில் இருந்தது, மருந்துக்கடையில் விற்றது, அம்மா போனில் சொன்னது, பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னது என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். என் தேர்வு ஓட்ஸ் தண்ணீரும் குளிர்ந்த துணியும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் செடியின் சாற்றில் உருஷியோல் என்ற எண்ணெய் இருக்கிறது. அது தோலில் இறங்கியபின் நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள்தான் தோலோடு சண்டைக்குப் போகின்றன. அதனால்தான் தடிப்பு உடனே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்து வருகிறது, வந்தால் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டுத்தான் போகிறது. நமக்கு இது முழுக்கப் புதிய சங்கதியும் இல்லை. மா, முந்திரி, வண்ணார் துணியில் குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டை எல்லாம் இதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கும், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை புண்ணானவர்களுக்கும் இந்த எரிச்சலின் சாயல் தெரிந்திருக்கும். மாம்பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் பாய்சன் ஐவியிடம் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

ஆக, நாம் பூசும் எதுவும் தடிப்பைச் சீக்கிரம் ஆற்றிவிடாது. ஓட்ஸும் ஆற்றாது, காலமைனும் ஆற்றாது. அரிப்பைச் சொறியாமல் தாங்கும்படி வைப்பதுதான் இவற்றின் வேலை. அப்படியானால் எது நன்றாகக் குளிர்ச்சி தருகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, இரண்டு மூன்று வாரத்துக்குச் செய்யப்போகும் வேலை இது. அதனால் போட்டதை எப்படி எடுப்பது என்பதுதான் முக்கியம். இந்தக் கேள்வியை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி காலமைன்தான் சொல்லிக்கொடுத்தது.

காலமைன் லோஷன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். துத்தநாக ஆக்சைடும், அதற்கு ரோஸ் நிறம் கொடுக்கும் கொஞ்சம் இரும்பு ஆக்சைடும் கலந்தது. பூசியதும் தண்ணீர் ஆவியாகிறபோது ஜில்லென்று இருக்கும், கசிகிற கொப்புளத்தை உலர்த்தும். முதல் அரைமணி நேரம் அதைக் குறை சொல்லவே முடியாது. அப்புறம் அது காய்ந்து, சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி பொருக்குத் தட்டுகிறது. அரிப்பு திரும்பியதும் அதன் மேலேயே இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று. அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து குளியலறை விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன், கையில் நாலு அடுக்கு. குழாயைத் திறந்து கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அதை எடுத்தபோது, அடியில் இருந்த இரண்டு கொப்புளமும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. நீர் வழிந்தது. தேய்த்ததும் ஒரு வகையில் சொறிவதுதானே, அடங்கியிருந்த அரிப்பு முழங்கை வரைக்கும் எழுந்தது. விடியும்வரை தூக்கம் இல்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் அதே வீட்டில் நடந்தது. என் தோட்டக் கையுறையை எடுத்து வைத்த மனைவிக்கு மணிக்கட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தடிப்பு வந்தது. அவள் காலமைன் மட்டும்தான் பூசினாள், அதோடு சரியாகப் போயிற்று. கொப்புளம் இல்லை, இடமும் சின்னது, தேய்த்துக் கழுவ வேண்டிய தேவையே வரவில்லை. எனவே சின்னத் தடிப்பு, கொப்புளம் எழாத தடிப்பு என்றால் காலமைன் வாங்குங்கள். வேலைக்குப் போகிற இடத்தில் தொட்டியில் கையை ஊறவைக்க முடியாது, அங்கேயும் காலமைன்தான் கைகொடுக்கும்.

இனி ஓட்ஸ். மருந்துக்கடையில் குளியலுக்கென்றே பொட்டலமாக விற்கிறார்கள். வீட்டில் இருக்கிற சாதா ஓட்ஸே போதும். இனிப்பு, வாசனை எதுவும் சேர்க்காததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கப் ஓட்ஸை மிக்ஸியில் போட்டு நைசாக அரைத்தேன். அரைத்தது போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கரண்டி பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால், தண்ணீர் பால் மாதிரி வெளுத்து அப்படியே நிற்க வேண்டும். பொடி அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு சுற்று அரைக்க வேண்டும். என் முதல் ஈடு உட்கார்ந்துவிட்டது, இரண்டாவது நின்றது.

முழு உடம்புக்கும் தடிப்பு இருந்தால்தான் குளியல் தொட்டி. என் முன்கைக்கு நீளமான ஒரு பிளாஸ்டிக் தொட்டி போதுமாக இருந்தது. பொடியை நேராகத் தண்ணீரில் கொட்டுவதைவிட, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டித் தண்ணீருக்குள்ளேயே பிசைவது மேல். கஞ்சி மாதிரிக் கொழகொழவென்று ஒன்று இறங்கும். அதுதான் வேண்டியது. சக்கை துணியிலேயே நின்றுவிடும், சாக்கடையும் அடைக்காது. தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது, குளிர்ந்த தண்ணீரோ கை பொறுக்கும் வெதுவெதுப்போ போதும். கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம் ஊறவைத்தேன். அதற்குமேல் ஊறினால் தோல் வறண்டு அதுவே அரிக்க ஆரம்பிக்கிறது. ஊறும்போது அந்த மூட்டையையே கொப்புளத்தின் மேல் மெதுவாக ஒற்றலாம். வெளியே எடுத்தபின் துடைக்காமல் துண்டால் ஒற்றி எடுத்தால், தோல்மேல் மெல்லிய வழவழப்பு ஒன்று தங்கிவிடும்.

அந்த வழவழப்பு எனக்கு மூன்று மணி நேரம் கொடுத்தது, சில ராத்திரி நான்கு. அடுத்த முறை ஊறவைக்கும்போது பழையது தானாகக் கரைந்து போய்விடும். எடுக்கிற வேலையே கிடையாது. கொப்புளத்தை யாரும் தொடுவதில்லை, தேய்ப்பதில்லை. எனக்கு ஓட்ஸ் பிடித்ததற்கு இதுதான் முதல் காரணம். மருந்து குணம் அதற்கு அடுத்ததுதான். குணமும் இல்லாமல் இல்லை. ஓட்ஸில் அவெனாந்த்ரமைட் என்று சில பொருள்கள் இருக்கின்றன, அவை அழற்சியைத் தணிக்கின்றன. அமெரிக்க உணவு, மருந்துத் துறையும் 2003-ல் இப்படி நைசாகப் பொடித்த ஓட்ஸைத் தோல் காக்கும் பொருளாக ஏற்றுக்கொண்டது.

குறையும் சொல்லிவிட வேண்டும். நேரம் பிடிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மூட்டை கட்டிப் பிசைவது கஷ்டம். அதற்கு நான் கண்ட வழி, படுக்கப்போகும் முன் ஓட்ஸ், நடுவில் விழிப்பு வந்தால் குளிர்ந்த துணி. சுத்தமான மெல்லிய துணி நாலைந்தை நனைத்துப் பிழிந்து ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். எழுந்தால் ஒன்றை எடுத்துக் கைமேல் பதினைந்து நிமிடம் போட்டுக்கொள்வேன், சூடேறினால் அடுத்தது. துணியிலிருந்து தண்ணீர் ஆவியாக ஆவியாகக் கொப்புளத்தின் கசிவும் உலர்கிறது. செலவு என்று ஒன்றும் இல்லை, எடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. தனியாக வைத்துப் பார்த்தால் இதன் பலன் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. ஓட்ஸோடு சேர்ந்தால் ராத்திரி கழிந்துவிடும்.

குளியல் தொட்டியில் இறங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஓட்ஸ் தண்ணீர் தொட்டியைப் பயங்கரமாக வழுக்கவைக்கும். வயதானவர்கள் துணையில்லாமல் இறங்க வேண்டாம். ஓட்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆகாது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

அம்மாவிடம் இரண்டாம் நாளே சொல்லிவிட்டேன். "வேப்பிலையையும் மஞ்சளையும் அரைச்சுப் பூசுப்பா, ரெண்டே நாள்ல அடங்கிடும்" என்றாள். பச்சை வேப்பிலைக்கு இங்கே எங்கே போவது, இந்தியக் கடையில் வாங்கிய வேப்பிலைப் பொடியோடு மஞ்சள் குழைத்து ஒரு முறை போட்டேன். ஈரமாக இருக்கும்வரை சுகம். காய்ந்ததும் தோலை இழுத்துப் பிடித்தது. எடுக்கிற விஷயத்தில் காலமைனைவிட மோசம். அதைவிட எனக்குப் பிடிக்காதது, மஞ்சள் கறையில் தோலின் சிவப்பே தெரியாமல் போனது. சொறிந்த இடத்தில் சீழ் பிடிக்கிறதா, சிவப்பு பரவுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணை மறைக்கிற எதையும் போடக் கூடாது. சிலருக்கு மஞ்சளே தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதும் உண்டு. அம்மாவிடம் ஓட்ஸ் பற்றிச் சொன்னபோது, "கஞ்சித் தண்ணி மாதிரிதானே, அப்போ அதையே ஊத்திக்கோ" என்று உடனே ஒத்துக்கொண்டாள்.

பேக்கிங் சோடாவை ஓட்ஸ் தீர்ந்த இரண்டு நாள் பயன்படுத்தினேன். தண்ணீரில் கரைத்து ஊறவைத்தால் பரவாயில்லை. பசையாகக் குழைத்துப் பூசினால் காய்ந்து மணல் மாதிரி உறுத்தும், அப்புறம் பழைய கதைதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வெந்நீர்க் கட்சி. பொறுக்கும் சூட்டில் குழாய்த் தண்ணீரைத் தடிப்பின்மேல் விட்டால், அரிப்பு ஒரேயடியாக ஏறி, பிறகு மரத்துப்போனதுபோல் அடங்கும் என்றார். இரண்டு முறை செய்தேன். அவர் சொன்னது நிஜம், இரண்டு மணி நேரம் கையே இல்லாததுபோல் இருந்தது. ஆனால் மறுநாள் காலை கை கூடுதலாக வீங்கிச் சிவந்திருந்தது. வெந்நீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், தடிப்பு உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. இருந்தாலும் உரிந்த தோலில் சூடு சுட்டுவிடும் அபாயம் நிச்சயம். தோல் மருத்துவர்களும் வெதுவெதுப்பைத் தாண்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். நான் இனி செய்யமாட்டேன்.

சீட்டில்லாமல் கிடைக்கும் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம் ஆரம்பச் சிவப்புக்குக் கொஞ்சம் உதவும். கொப்புளம் எழுந்தபின் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அரிப்பை அடக்கும் ஆன்டிஹிஸ்டமின் கிரீம், மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் கிரீம் இரண்டையும் தொடாதீர்கள். அவையே புதிதாக இன்னொரு ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை தூக்கம் வரவைக்கும், இந்த அரிப்புக்கு அதன் பலன் அதோடு சரி. வினிகர், பிளீச், நகப்பூச்சு அழிப்பான் என்றெல்லாம் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஜுவல்வீட் என்று ஒரு செடி பற்றியும் இங்கே நிறையச் சொல்வார்கள், நம் காசித்தும்பையின் அமெரிக்க உறவு அது. ஓடைக்கரையில் வளரும். எண்ணெய் பட்ட உடனே அதைக் கசக்கித் தேய்ப்பது பழைய வழக்கம். சோப்பு அதைவிட நன்றாக வேலை செய்வதாகச் சோதனைகளில் தெரிந்தபின் நான் அதைத் தேடிப் போகவில்லை. கழுவுவதற்கென்று விற்கும் விலை உயர்ந்த திரவமும் கட்டாயம் இல்லை. 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட ஒன்றையும், மெக்கானிக்குகள் கை கழுவும் பசையையும், சாதாரணப் பாத்திர சோப்பையும் ஒப்பிட்டார்கள். மூன்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எது கையில் கிடைக்கிறதோ அதை வைத்து எவ்வளவு சீக்கிரம் கழுவுகிறோமோ அவ்வளவு பலன், முதல் பத்து நிமிடத்துக்குள் என்றால் மிக நல்லது. நான் காபி குடித்த அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

எல்லாக் கொப்புளமும் வற்றி, தோல் செதிலாக உரிய ஆரம்பித்ததும் ஓட்ஸை நிறுத்திவிட்டு வாஸ்லினுக்கு மாறினேன். அந்தக் கட்டத்தில் அரிப்பு வறட்சியால் வருவது, ஊறவைத்தால் கூடும்.

என் அனுபவம் ஒரு முன்கைதான். முகம், கண், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வந்தாலோ, உடம்பில் பெரும்பகுதி தடித்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சீழ் வைத்தாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் தடிப்பு திரும்பி வரும்.

கொப்புளத்து நீர் பட்டால் பரவும் என்று வீட்டில் எல்லோரும் என்னைத் தள்ளி உட்காரவைத்தார்கள். அது பரவாது. அந்த நீரில் உருஷியோல் இல்லை. மனைவிக்கு வந்தது என் கையிலிருந்து இல்லை, கையுறையிலிருந்து. அந்த எண்ணெய் துணியிலும் கத்தரியிலும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். கையுறையைத் தூக்கிப் போட்டேன். கத்தரியை வேறொரு கையுறை போட்டுக்கொண்டு பாத்திர சோப்பால் இரண்டு முறை கழுவினேன். இழுத்துப் போட்ட கொடியைப் பையில் கட்டிக் குப்பையில் சேர்த்தேன். அதை மட்டும் எரித்துவிடாதீர்கள். புகையோடு சேர்ந்து எண்ணெய் நுரையீரலுக்குள் போனால், அதற்கு ஓட்ஸும் இல்லை, காலமைனும் இல்லை, நேராக மருத்துவமனைதான்.