ஹிரகானா தொடங்க ஆப்பா, அட்டையா?

ஏழிலிருந்து பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே ஜப்பானியமும் அதன் அடிப்படை எழுத்தான ஹிரகானாவும் ஆரம்பித்துவைக்க, கையைக் கடிக்காத வழிகள் நான்கு: மொபைல் ஆப், இணையத்தில் கிடைக்கும் இலவசப் பாடம், வாரம் ஒருநாள் ஆன்லைன் டியூஷன், சார்ட் அட்டையும் கட்டம் போட்ட கணக்கு நோட்டும். முதல் பத்து வாரத்துக்கு என் ஓட்டு அட்டைக்கும் நோட்டுக்கும்தான். மறந்துபோன எழுத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவரும் வேலை இதில்தான் ஒழுங்காக நடக்கிறது.

டியூஷனைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். உச்சரிப்பைத் திருத்த ஓர் ஆள் இருப்பது பெரிய பலம். ஆனால் அ, ஆ சொல்லித்தரவே மணிக்கணக்கில் கட்டணம் கொடுப்பது வீண். வாரத்தில் மீதி ஆறு நாளும் வெறுமனே போகும். ஹிரகானா முடிந்த பிறகு சேர்த்தால் அதே காசுக்குப் பேச்சுப் பயிற்சி கிடைக்கும்.

இலவசப் பாடங்களில், ஜப்பானின் வெளிநாட்டு ஒலிபரப்புச் சேவையான என்எச்கே வேர்ல்டின் ‘ஈஸி ஜாப்பனீஸ்’ ஒலி தெளிவாக இருக்கும். விளக்கம் ஆங்கிலம், இந்தி போன்ற மொழிகளில்தான், தமிழில் இல்லை. சூழலும் பெரியவர்களுடையது. தினம் ஐந்து நிமிடம் காதுக்குப் பழக்கமாக ஓடவிடுங்கள், அது போதும்.

ஆப்தான் உண்மையான போட்டியாளர். இலவசம், ஒலி உண்டு, பிள்ளை தானாகவே திறக்கும். சிக்கல் கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. நான்கு எழுத்தைக் காட்டி ‘நெ எது’ என்று கேட்டால், தெரிந்த மூன்றை ஒதுக்கியே பிள்ளை சரியாகத் தொட்டுவிடும். பார்த்து அடையாளம் காண்பது வேறு, ஒன்றுமில்லாத கட்டத்தில் நினைவிலிருந்து எழுதுவது வேறு. திரையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையிடம் வெறும் தாளைக் கொடுத்துப் பாருங்கள், பாதி எழுத்து வராது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மாறக்கூடும். அவர்கள் கிடைத்ததைத் தாங்களே எழுதிப் பார்த்துக்கொள்வார்கள்.

இனி அட்டை. 56க்கு 71 சென்டிமீட்டர் சார்ட் ஒன்றை 7க்கு 8 அளவில் வெட்டினால் 64 அட்டை வரும். அடிப்படை ஹிரகானா 46, மீதி 18 கிழிந்ததற்கு மாற்று. முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் ஒலி. ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். காரணம் பிறகு வருகிறது.

வாரம் ஒரு வரிசை. ஐந்தைந்தாக எட்டு வரிசை, மும்மூன்றாக இரண்டு. பத்து வாரத்தில் முடியும். வரிசையை மனப்பாடம் செய்ய நம் பிள்ளைகள் சிரமப்பட வேண்டியதில்லை. உயிர் ஐந்துக்குப் பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது. ஹ இருக்கும் இடம் ஒரு காலத்தில் ப. சமஸ்கிருத எழுத்து வரிசையைப் பார்த்து அமைந்தது என்பதால் நம் நெடுங்கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. 247 எழுத்து படித்த பிள்ளைக்கு 46 மலையும் அல்ல.

பராமரிப்புக்கு மூன்று டப்பா போதும். புதியதும் தப்பானதும் முதல் டப்பாவில், தினமும். தொடர்ந்து மூன்று நாள் சரியாக வந்தால் இரண்டாவதுக்கு, அது ஒருநாள் விட்டு ஒருநாள். அங்கேயும் இரண்டு தடவை சரியென்றால் மூன்றாவதுக்கு, அது ஞாயிறு மட்டும். எந்த டப்பாவில் தப்பினாலும் நேரே முதலுக்கு வரவேண்டும். முதல் டப்பாவில் பதினைந்துக்கு மேல் சேர்ந்துவிட்டால் அந்த வாரம் புது வரிசை கிடையாது. ஜப்பானியம் ஒரு எழுத்தும் தெரியாத அம்மாவோ தாத்தாவோ பத்து நிமிடத்தில் இதை நடத்திவிட முடியும். பலர் ஆறாவது வாரத்தில் நின்றுபோவது இந்தத் தடுப்பு இல்லாததால்தான்: முப்பது எழுத்து சேர்ந்திருக்கும், பழையது கரைந்திருக்கும், புதியது மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

கேட்பது ஒலியைச் சொல்லி, பிள்ளை எழுதுவது நோட்டில். கணக்கு நோட்டின் நான்கு கட்டங்களை ஒரு எழுத்துக்கு எடுத்துக்கொண்டால் நடுவில் சிலுவைக் கோடு தானாகவே கிடைக்கும். ஜப்பானில் ஒன்றாம் வகுப்பு நோட்டிலும் கட்டத்துக்குள் இப்படிப் புள்ளிக் கோடு உண்டு. ஒரு எழுத்து மூன்று தடவை போதும். பக்கம் பக்கமாக எழுதவைத்தால் ஐந்தாவதிலிருந்து கை கோணும்.

மாதிரி எழுத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். சாதாரணத் திரை எழுத்துருவில் ‘கி’யும் ‘ஸ’வும் கீழே ஒட்டியிருக்கும். கையால் எழுதும்போது கோடு பிரிய வேண்டும்: ‘கி’ நான்கு கோடு, ‘ஸ’ மூன்று. ‘க்யோகாஷோதாய்’ என்னும் பாடநூல் எழுத்துருவில் உள்ள தாளையே அச்செடுங்கள். ‘நு’வும் ‘மெ’யும், ‘நெ’, ‘ரெ’, ‘வ’ மூன்றும் உருவத்தில் உடன்பிறப்புகள். ஒன்று இரண்டாவது டப்பாவுக்குப் போகும்வரை அடுத்ததை எடுக்காதீர்கள்.

தமிழில் ஒலி எழுதக் கூடாது என்றதற்குக் காரணம் இதுதான். ‘ககி’ என்று எழுதினால் சீமைப்பனிச்சைப் பழமா, சாவியா? ஜப்பானியத்தில் முதலாவதன் நடுவில் வல்லொலி, இரண்டாவதில் மெல்லக் குழைந்த ஒலி. நம் நாக்கு உயிருக்கு நடுவே வரும் ககரத்தைத் தானாகவே குழைத்துவிடும், அதனால் பழம் கேட்டால் சாவி வரும். குறில் நெடிலும் ஒற்று மிகுவதும் நமக்குக் கைவந்தவை. ‘ஒஜிஸன்’ மாமா, ‘ஒஜீஸன்’ தாத்தா என்றால் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். உழைப்பு முழுவதும் அந்த க-வில் போகட்டும்.

அதற்குப் புது அட்டை வேண்டாம். ஜப்பானியத்தில் அதே எழுத்தின் மூலையில் இரண்டு சிறு கோடு சேர்த்தால் குழைந்த ஒலி. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, மார்க்கரால் இரண்டு சிறு கோடு போடுங்கள். ‘க’ அட்டையின் வலது மேல் மூலையில் அதை வைத்தால் குழைந்த ஒலி, எடுத்தால் வல்லொலி. ச, த, ஹ வரிசைகளுக்கும் இதே துண்டுதான். பிள்ளையே வைத்து எடுத்து, ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லட்டும்.